சுடுமண் அருவச் சிற்பங்களும் அவற்றை ஈட்டிய கணித ஆசிரியரும்

அரியன தேடித் தொகுத்தல் மக்கட்கு இயல்பாய் அமைந்ததோர் வேட்கையாகும். பழங்காசு தொகுப்பார் உளர். அஞ்சல் தலை தொகுப்பார் உளர். ஏட்டுச் சுவடி தேடி ஊர்தோறும் அலைந்தாரும் நம் நாட்டில் உளர். இவருட் பெரும்பாலார் முன்னோர் மதிப்பிட்டு வைத்த பொருள்களையே நாடுகின்றனர். அவ்வாறன்றி, இன்னும் ஒருவராலும் மதிப்பிடப்படாத ஒரு பொருளை, அது வெளிப்பட்ட சூளையின் வெம்மை ஆறுமுன்னரே, 'இது போற்றத்தக்கது' எனத் துணிந்து கைப்பொருள் கொடுத்துக் கொள்வார் மிகச் சிலரே. அத்தகையார் ஒருவரையும், அவர் கொண்ட பொருள்களையும், அப்பொருள்களை இந்நாளில் தேடுவார் அறியவேண்டுவன சிலவற்றையும் ஈண்டு எழுதப் புகுந்தாம்.

முதற்கண் பெயரை விளக்குதல் வேண்டும். களிமண்ணை வனைந்தோ பிசைந்தோ உருவாக்கிச் சூளையிலிட்டுச் சுட்ட பொருளெல்லாம் சுடுமண்ணே. அதனாற் செய்த சிற்பம் மனிதனையோ விலங்கையோ செடிகொடியையோ ஒத்திராது, தன் வடிவத்தையும் எடையையும் மேற்பரப்பையுமே பொருளாகக் கொண்டு நிற்குமாயின் அதனை 'அருவச் சிற்பம்' என்று வழங்குகின்றாம். கண்ணாற் கண்டு கையாற் பற்றத்தகும் ஒன்றை அருவம் எனல் முரணன்றோ எனின், அன்று. அதன்கண் இல்லாதது வடிவமன்று, பிறிதொன்றன் உருவமே. 'இது யாது?' என வினவுவார்க்கு 'இது இதுவே' என்பதன்றி வேறு விடை கிடையாது. இதனினும் தக்க சொல் தமிழிற் கிடைக்குமாயின் மகிழ்வாம். கிடைக்குமளவும் இச்சொல்லே அமைக.

இவ்வகைச் சிற்பம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், அமெரிக்காவிலும் சப்பானிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் கிளைத்தது. அமெரிக்காவில் இதற்கு முதல்வராயினார் பீட்டர் வூல்கோஸ் என்பார். அவர் கிரேக்க நாட்டினின்று குடியேறிய பெற்றோர்க்கு மாண்டானா மாகாணத்துப் போஸ்மன் நகரில் 1924-ஆம் ஆண்டு பிறந்தவர். போர்க்காலத்தில் பசிபிக் பகுதியில் வானூர்திப் படையிற் பணிபுரிந்தவர். போர் முடிந்தபின், படையினின்று மீண்டார்க்கு அரசாங்கம் அளித்த உதவிப் பணத்தைக்கொண்டு கல்லூரி புகுந்தவர். அவர் கற்க விரும்பியது ஓவியம். மட்பாண்டம் வனைதல் பாடத்திட்டத்தில் ஒரு கட்டாயப் பகுதியாக இருந்தமையால், வேண்டா வெறுப்பாகவே சக்கரத்தின்முன் அமர்ந்தார் என்ப. அமர்ந்தவர் எழவில்லை. சின்னாளில் நாடறிந்த வேட்கோவராகிப் பரிசில் பல பெற்றார். 1951-ஆம் ஆண்டில் எலினா நகரத்தில் ஆர்ச்சி பிரே என்னும் செங்கற்சூளை உரிமையாளர் தம் சூளைக்கருகே அமைத்த கலைக்கூடத்தில் முதன்முதல் உழைத்தவர்களுள் வூல்கோசும் ஒருவர். 1952-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பெர்னார்டு லீச்சும், சப்பானியரான ஹமாதா, யானகி என்பாரும் அக்கூடத்திற்கு வருகை புரிந்தனர். ஹமாதா மண்ணைக் கையாளும் அமைதியும், சிறு பிழை நேரின் அதனைத் திருத்தாது ஏற்கும் பெருந்தன்மையும் வூல்கோசின் உள்ளத்திற் பதிந்தன.

அதுகாறும் அவர் செய்தவை நீர் கொள்ளும் சாடிகளும் மூடியிட்ட தாழிகளுமே. 1953-ஆம் ஆண்டு வேனிற் காலத்தில் வடகரோலினாவிலுள்ள பிளாக் மவுண்டன் கல்லூரிக்குக் கற்பிக்கச் சென்றார். அங்கிருந்து நியூயார்க்கு நகரமும் சென்று, அந்நாளில் ஆண்டுப் புதுநெறி வகுத்த ஓவியர்களின் ஆக்கங்களைக் கண்டார். மறு ஆண்டு, 1954-இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலைப் பயிற்சிக் கழகத்தில் மட்கலப் பகுதியை நிறுவும் பொறுப்பு அவர்க்குக் கிடைத்தது. அக்கழகம் பின்னாளில் ஓட்டிஸ் என்னும் பெயரால் வழங்கலாயிற்று. முதல் மாணாக்கர் பால் சோல்ட்னர் ஒருவரே. பின்னர் ஜான் மேசன், கென் பிரைஸ், ஜெரி ராத்மன், ஹென்றி டக்கெமோட்டோ முதலியோர் வந்து சேர்ந்தனர். ஆசிரியர் ஒருபுறம் இருந்து விதிகளை உரைக்க மாணாக்கர் எழுதிக்கொள்ளும் வகுப்பன்று அது. ஆசிரியரும் மாணாக்கரும் அருகருகே நின்று இரவும் பகலும் மண் பிசைந்தனர்; ஒருவர் செய்ததை மற்றவர் மிஞ்ச முயன்றனர்.

அவர் செய்ததுதான் என்ன? சக்கரத்தில் வனைந்த குழாய்களையும் கிண்ணங்களையும் மண் ஈரமாயிருக்கும்போதே அறுத்தும், பலகையால் அடித்தும், ஒன்றன்மேலொன்றாக அடுக்கியும், இடையிடையே தகடுகளைச் செருகியும் பெருந்திரள்களாக ஆக்கினார். 1956-ஆம் ஆண்டில் அவர் செய்த 'ஆடுங்கலம்' இதற்கு எடுத்துக்காட்டாகும். நல்ல கலம் ஆடாது நிற்றல் வேண்டும் என்பது குயவர் விதி. அவ்விதியை நகைப்பதுபோல, கலத்தைத் துளைத்து, துளைகளில் தகடுகளைச் செருகி, ஆடுநாற்காலிக்கு உள்ளன போன்ற வளைந்த கால்களின்மேல் அதனை நிறுத்திவிட்டார். அஃது இப்பொழுது வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலைக்கு உரியது. 1959-இல் ஆக்கிய 'லிட்டில் பிக் ஹார்ன்' என்பது ஐந்தடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. ஓக்லண்டு காட்சிச்சாலையில் உள்ளது. அவர் மாணாக்கரான மேசன் அதே ஆண்டில் இருபதடிக்கும் மேற்பட்ட நீளமுடைய 'நீலச் சுவர்' ஒன்றை மண்ணால் ஆக்கினார்.

இதன் அருமையை உணர்தற்கு மண்ணின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கல்லில் வேலை செய்யும் சிற்பி தான் செதுக்கியதையே இறுதியிற் காண்கின்றான். மண்ணில் வேலை செய்வோனுக்கு அப்பேறு இல்லை. ஈரம் உலருங்காலும் பின்னர்ச் சூளையில் வேகுங்காலும் களிமண் சுருங்குகின்றது. கெட்டியான வகை மண் பத்திலொரு பங்கும் அதற்கு மேலும் சுருங்குவதுண்டு. மெல்லிய பகுதி விரைந்தும் தடித்த பகுதி மெல்லவும் உலர்தலின், இரண்டும் சேருமிடத்தில் ஒன்றையொன்று இழுத்து விரிசல் தோன்றும். தடித்த சுவரின் உள்ளே ஈரம் எஞ்சியிருப்பின் அது நீராவியாகிக் கலத்தை வெடிக்கச் செய்யும். மண்ணிலுள்ள படிகமணல் 573 பாகை வெப்பத்தில் திடுமென விரிந்து, ஆறுங்கால் அதே நிலையில் திடுமெனச் சுருங்கும். அந்நேரத்தில் சூளையின் வெம்மை சீராக இல்லையேல் கலம் பிளந்துபோம். கடைசியாக 1,200 முதல் 1,300 பாகை வரையில் அது வெந்து கல்போல் இறுகுகின்றது. ஒரு சாடிக்கே இவ்வளவு இடர் உண்டெனில், ஆள் உயரத்துத் திரளுக்கு எவ்வளவு என்பதை எண்ணிக் கொள்க. இடர் குறைத்தற்பொருட்டுச் சுட்ட மண்ணைப் பொடித்துப் பச்சை மண்ணிற் கலப்பர். உட்புறத்தில் குழாய்களைத் தூண்போல நிறுத்திச் சுமையைத் தாங்கச் செய்வர். அங்ஙனம் செய்தும் விரிசல் விழுந்தால் வூல்கோஸ் அதனை எறிந்துவிடுவதில்லை; எபாக்சி என்னும் பசையால் இணைத்தும், சுட்டபின் மேலே வண்ணம் தீட்டியும் அதனை முடித்தார். மரபுவழி நிற்கும் வேட்கோவர்க்கு இது பெரும் பழியாகத் தோன்றிற்று.

பழித்தவர் அவர் மட்டுமல்லர். சிற்பக் கலைஞர் இதனை 'வெறும் பானை' என்றனர். பானை செய்வோர் 'பானையுமன்று' என்றனர். கழகத்தின் தலைவருக்கும் வூல்கோசுக்கும் கருத்து வேற்றுமை முற்றி, 1959-ஆம் ஆண்டு அவர் அவ்விடம் விட்டுப் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். இங்ஙனம் இரு திறத்தாராலும் கைவிடப்பட்ட பொருளுக்கு அங்காடி ஏது? வாங்குவார் இல்லாத கலம், செய்தவன் வறியவனாயின், இடமின்மையால் உடைபட்டுக் குப்பையிற் சேர்தல் எளிது. ஓவியத்தைச் சுருட்டி வைக்கலாம். மண்ணை எங்கே சுருட்டுவது?

இந்நிலையில்தான் பிரெட் மேரர் என்பார் வந்தார். அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். செல்வரல்லர், மாதந்தோறும் கிடைக்கும் ஊதியமே அவர்க்குரிய பொருள். ஓட்டிஸ் கலைக்கூடத்திற்கு அவர் அடிக்கடி சென்றார். வூல்கோசையும் மாணாக்கரையும் நண்பராகக் கொண்டார். அவர்கள் ஆக்கியவற்றுள் தம் உள்ளத்தைக் கவர்ந்தனவற்றைத் தம்மால் இயன்ற விலை கொடுத்து வாங்கினார். பெயர் பெற்ற ஆசிரியரிடத்து மட்டும் வாங்கினாரல்லர். பெயரே தெரியாத மாணாக்கரிடத்தும் வாங்கினார். அவ்விளைஞர்க்கு அப்பணம் அடுத்த மூட்டை மண்ணுக்கும் சூளையின் எரிவாயுவுக்கும் உதவிற்று. அதனினும் பெரிதாக, 'நம் ஆக்கத்தைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள ஒருவன் உளன்' என்னும் ஊக்கம் உதவிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் இல்லம் பலகைகளிலும் தரையிலுமாகக் கலங்களால் நிறைந்தது.

கணிதம் கற்றவராதலின் வடிவங்களின் அளவமைதி அவரைக் கவர்ந்திருக்கும் எனச் சிலர் எளிதிற் கூறிவிடுவர். எமக்கு அஃது உடன்பாடன்று. வூல்கோசின் திரள்களில் அளவமைதி தேடுவது ஆற்றுவெள்ளத்தில் வரப்புத் தேடுவதையொக்கும். அவர் உடனிருந்து, மண் கலமாவதைக் கண்டு, செய்வாரோடு உரையாடிப் பழகியவர். அப்பழக்கமே அவர்க்குக் கண்ணாயிற்று என்பதே எமது துணிபு. அறிஞர் எழுதிய மதிப்புரை வரும்வரை காத்திருந்தாரல்லர். ரோஸ் சிலிவ்கா என்னும் அம்மையார் இப்புதுநெறியைப் போற்றிக் கைவினை இதழொன்றிற் கட்டுரை வரைந்தது 1961-ஆம் ஆண்டிலேயாம். அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே மேரர் வாங்கத் தொடங்கிவிட்டார்.

ஈண்டு ஒரு பெயர் வழக்கைப் பற்றியும் கூறவேண்டும். 1966-ஆம் ஆண்டில் ஜான் கோப்ளன்ஸ் என்பார் இர்வைன் நகரில் இச்சிற்பங்களைத் தொகுத்துக் காட்டியபோது, நியூயார்க்கு ஓவிய நெறியின் பெயரையே இவற்றிற்கும் சூட்டினார். அது முதல் இவை அவ்வோவியத்தின் நிழல் எனக் கருதுவார் பலராயினர். ஓவியர்களைக் கண்டு வூல்கோஸ் கிளர்ச்சியுற்றார் என்பது மெய்யே. ஆயினும் துணியில் வண்ணம் எறிவோனுக்குப் புவியின் ஈர்ப்பும் சூளையின் தீயும் எதிர்நிற்பதில்லை. மண்ணை அடுக்குவோன் ஒவ்வொரு கணமும் 'இது சரியுமோ, நிற்குமோ' என்னும் அச்சத்தோடு அடுக்குகின்றான். அவ்வச்சம் கலத்திற் காணப்படுகின்றது. ஆதலின் அப்பெயர் பாதியே பொருந்தும் என்க.

அஃது அவ்வளவிற் பொருந்தும் என்பதற்குச் சப்பானே சான்று. கியோட்டோ நகரில் 1948-ஆம் ஆண்டு, யாகி கசுவோ, சுசுகி ஒசாமு, யமாதா ஹிக்காரு முதலிய இளங்குயவர்கள் 'சோதேஷா' என்னும் குழுவை நிறுவினர். பழஞ்சீனக் கலங்களின் மெருகில் மண்புழு ஊர்ந்த தடம்போல் விழும் ஒரு கோட்டின் பெயரே இக்குழுவின் பெயராயிற்று. தேநீர்க் கிண்ணத்திற்கு நாட்டின் பெருஞ்செல்வர் தலைவணங்கும் ஊரில், ஒன்றுக்கும் பயன்படாத கலத்தைச் செய்தல் எத்துணைத் துணிவு! 1954-ஆம் ஆண்டில் யாகி ஆக்கிய 'சம்சாவின் உலா' என்பது சக்கரத்தில் வனைந்த வளையமொன்றைப் பக்கவாட்டில் நிறுத்தி, அதன்மேல் சிறு குழாய்களைக் கால்கள்போல் ஒட்டியது. காப்கா எழுதிய கதையில் ஒருநாட் காலை பூச்சியாக மாறிக் கண்விழித்தவனே சம்சா. கலமும் அங்ஙனம் ஓர் இரவில் கலமல்லாத ஒன்றாக மாறிற்று என்பது குறிப்பு. வூல்கோஸ் பெருந்திரளால் உரைத்ததனை யாகி கையடக்கமான ஒரு பொருளாலும், நகையோடும் உரைத்தார். இருவருள் எமக்கு மிக உகந்தவர் யாகியே. சோதேஷா 1998-ஆம் ஆண்டு கலைந்தது.

இங்கிலாந்தில், செருமனியினின்று 1939-ஆம் ஆண்டு அடைக்கலம் புகுந்த ஹான்ஸ் கோப்பர் என்பார், சாடியின் வடிவத்தைக் கைவிடாமலே அதனைச் சிற்பமாக்கினார். அங்கும் செல்வரல்லாத ஒருவரே பெருந்தொகுப்பாளரானார்: வேக்பீல்டு என்னும் ஊரினரான இஸ்மே என்னும் நூலகர். அவர் தம் சிறு வீட்டில் சேர்த்துவைத்த மட்கலங்கள் ஏறக்குறைய 3,600. அவற்றுட் பெரும்பாலன நீர் கொள்ளும் கலங்களே. எனினும் தொகுக்கும் முறையில் அவர் மேரரின் உடன்பிறந்தார் போல்வர்.

நிற்க. இந்நாளில் இவற்றைத் தேடுவோர் நிலை யாது? மேரர் ஆசிரியர் ஊதியத்தில் வாங்கிய வூல்கோசின் ஆக்கங்களைப் போல்வன இப்பொழுது ஏலத்தில் பல இலட்சம் டாலருக்கு விலைபோகின்றன. விலை ஏறவே பொய்யும் உடன் வரும். ஆதலின் ஆராய்ச்சி இன்றியமையாததாகின்றது. தமிழ் பயில்வார்க்கு இவ்வாராய்ச்சி புதியதன்று. ஏட்டுச் சுவடி பதிப்பிப்போர், ஆசிரியர் எழுதிய பாடம் இது, ஏடெழுதினோர் பிழை இது, பிற்காலத்து இடைச்செருகல் இது எனப் பிரித்தறிவர் அன்றோ? சுடுமண் சிற்பத்திலும் அவ்வாறே விரிசலைப் பிரித்தறிதல் வேண்டும். சூளையிலேயே தோன்றிய விரிசலின் விளிம்பு வெம்மையால் சிறிது மழுங்கியிருக்கும். மெருகும் அதனுள் வழிந்திருத்தல் கூடும். பிற்காலத்தில் வீழ்ந்தோ மோதியோ உண்டான விரிசலின் விளிம்பு கூர்மையாகவும், உள்முகம் தூயதாகவும் இருக்கும். செய்தவனே பசையிட்டு இணைத்ததும் உண்டு. விற்பவன் குறை மறைக்க இணைத்ததும் உண்டு. புறவூதாக் கதிர் விளக்கை இருளில் காட்டினால் பிற்காலத்துப் பசையும் பூச்சும் பெரும்பாலும் வேறுபட்ட ஒளியோடு தோன்றும். ஆனால் அவ்விளக்கு, இணைத்தவர் யார் என்பதைக் கூறாது. அதற்குப் பழைய நிழற்படங்களும், வாங்கிய நாளிற் கொடுத்த விலைச்சீட்டும், செய்தவன் எழுதிய கடிதமும் வேண்டும். சப்பானிய ஆக்கங்களுக்கு அந்நாட்டு மரபுப்படி செய்தவரே பெயரெழுதிய மரப்பெட்டி உடனிருக்கும்; பெட்டி இழந்த கலத்தின் விலை குறைவுபடுதல் அதனாலேயே. அத்தகைய பெட்டியில் வேறொரு கலத்தை வைத்து விற்பாரும் உளராதலின், பெட்டியொன்றையே நம்புதலும் தகாது.

குறையுள்ளதைத் தள்ளுவதே தேர்ச்சி என்று கருதுவோர் இத்துறையிற் பெரிதும் ஏமாறுவர். குறையற்ற வூல்கோஸ் ஒன்று கிடைக்குமாயின் அதனையே முதலில் ஐயுறுதல் வேண்டும். வேறு பிறவும் உள. எடை மிகுதியாதலின் மரப்பலகை தாங்குமா எனப் பார்த்தல் வேண்டும். நிலநடுக்கம் உள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் போன்ற ஊர்களில் கலத்தின் அடியை ஒருவகை மெழுகால் பலகையோடு பொருத்தி வைப்பர். சுட்டபின் தீட்டிய வண்ணம் மெருகைப்போல் உறுதியானதன்று ஆதலின் ஈரத்துணியால் துடைத்தல் ஆகாது.

விலை இவ்வளவு உயர்ந்தபின்னர் மேரர் தம் தொகுப்பை விற்றிருப்பின், ஊதியத்தில் வாழ்ந்த அவர் பெருஞ்செல்வராயிருத்தல் கூடும். அவர் விற்றிலர். அவரும் மேரி அம்மையாரும் பல நூறு கலங்களைக் கிளேர்மாண்டு நகரிலுள்ள ஸ்கிரிப்ஸ் கல்லூரிக்கு அளித்தனர். 1926-ஆம் ஆண்டு மகளிர்க்கென நிறுவப்பட்ட அக்கல்லூரியில்தான், ஓட்டிசின் முதல் மாணாக்கரான பால் சோல்ட்னர் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தார். பழைய நட்பு அவ்வழியே கொடையாகக் கனிந்தது. அத்தொகுப்பில் வூல்கோஸ், மேசன், பிரைஸ் முதலியோரின் முற்கால ஆக்கங்களோடு, சப்பான், கொரியா, மெக்சிகோ, இங்கிலாந்து முதலிய நாடுகளின் கலங்களும் உள்ளன. 1994-ஆம் ஆண்டு அதனை 'மண்ணிற் புரட்சி' என்னும் பெயரோடு காட்சியாக வைத்து, அப்பெயராலேயே நூலும் வெளியிட்டனர். அன்று ஓட்டிசில் இளைஞராய் நின்று மண் பிசைந்த பலரும் பின்னாளில் பெரும் புகழ் எய்தினர். வூல்கோஸ் 2002-ஆம் ஆண்டிலும், சோல்ட்னர் 2011-ஆம் ஆண்டிலும், பிரைஸ் 2012-ஆம் ஆண்டிலும், மேசன் 2019-ஆம் ஆண்டிலும் மறைந்தனர். புகழ் எய்தாத மாணாக்கர் சிலரும் அவர்களோடு இருந்தனர். அவர்கள் பிற்காலத்தில் வேறு தொழில் நாடியிருத்தலும் கூடும். ஏலக்காரர் தேடாத அவர்தம் கலங்களும், மேரர் அன்று விரும்பி வாங்கினார் என்னும் ஒன்றனாலேயே, வூல்கோசின் கலங்களோடு ஒரே கூரையின்கீழ் அக்கல்லூரியில் இருக்கின்றன.